கிண்டிலா, கோபோவா என்பதற்கு முன்

ஒரு ஈபப் கோப்பை எடுத்து, அதன் பெயரின் வாலில் உள்ள 'ஈபப்' என்பதை அழித்துவிட்டு 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். மின்னூல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு சிறு இணையதளமாக விரியும். அத்தியாயத்துக்கு ஒன்றாக வலைப்பக்கங்கள், எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் சொல்லும் ஒரு கோப்பு, அட்டைப்படம், சில சமயம் எழுத்துரு, எதற்குப் பின் எது வரும் என்று சொல்லும் பட்டியல். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருபதே எழுத்துகள் கொண்ட ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். 'இது ஒரு ஈபப்' என்று கருவிக்கு அறிவிப்பதுதான் அதன் ஒரே வேலை. அதைச் சுருக்கக் கூடாது, முதலாவதாக வைக்க வேண்டும் என்பது விதி.

எந்த இ-ரீடர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படிக்கப்போகும் புத்தகங்கள் இப்போது எந்த வடிவத்தில் கிடக்கின்றன? ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. கடையில் வாங்குவார், படிப்பார், முடிந்தது. தமிழ் வாசகரின் நிலை வேறு. அவர் கையில் சேரும் மின்னூல்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு உருவானவை. ஸ்கேன் செய்த பழைய புத்தகம் ஒரு கருவியைக் கேட்கும், யூனிகோடில் தட்டச்சு செய்த நாவல் இன்னொன்றைக் கேட்கும், அமேசானின் கிண்டில் கடையில் வாங்கியது வேறெங்கும் போக மறுக்கும்.

முதலில் திரை. பெயர்ப்பலகை எதுவானாலும் இ-ரீடர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் சரக்கு: இ-இங்க். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் செய்த வேலையிலிருந்து 1997இல் பிறந்த நிறுவனம் அது. 2009இல் ஒரு தைவான் நிறுவனம் அதை வாங்கியது. திரைக்குள் இருப்பவை தலைமுடியின் தடிமனே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழிகள். ஒவ்வொரு குமிழியிலும் நிறமற்ற திரவம், அதில் மிதக்கும் இரண்டு வகைத் துகள்கள். வெள்ளைத் துகள் டைட்டானியம் டைஆக்சைடு. சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தருகிற அதே பொருள். கறுப்புத் துகள் கார்பன். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம் கொடுத்திருக்கிறார்கள். அடியில் உள்ள மின்முனைக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் மற்றது.

மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும், மின்சாரத்தை நிறுத்தினாலும் இறங்காது. இ-ரீடர் வாரக்கணக்கில் சார்ஜ் போடாமல் ஓடுவதன் ரகசியம் இதுதான். பக்கத்தைப் புரட்டும்போது மட்டுமே திரை மின்சாரம் கேட்கிறது. தானாக ஒளியை உமிழாமல், மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உச்சிவெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தும் படிக்கலாம். குறையும் இதே இயக்கத்திலிருந்துதான் வருகிறது. திரவத்துக்குள் துகள் நகர்ந்துவரச் சில நூறு மில்லிநொடி ஆகும் என்பதால் வீடியோவுக்கு உதவாது. சரியாக இடம்மாறாத துகள்கள் முந்தைய பக்கத்தின் நிழலாக மிஞ்சும். அதைத் துடைக்கத்தான் அவ்வப்போது திரை முழுவதும் ஒருமுறை கறுத்து வெளுக்கிறது. பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

2012 வாக்கில் வரத் தொடங்கிய விளக்கும் திரைக்குப் பின்னால் இல்லை. ஓரத்தில் உள்ள எல்இடிகளின் ஒளியை மேலே ஒட்டிய மெல்லிய தகடு ஒன்று பரப்பி, திரையை நோக்கிக் கீழே அனுப்புகிறது. வண்ணத் திரைகள் இப்போது பரவலாகிவிட்டன. கறுப்பு வெள்ளைத் திரைமேல் வண்ண வடிகட்டி ஒன்றைப் போர்த்தியவைதான் அவற்றில் பெரும்பாலானவை. கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் தெரியும், வண்ணம் 150 புள்ளிகளில்தான். வடிகட்டி ஒளியைக் கொஞ்சம் தின்றுவிடுவதால் வெள்ளை சற்று மங்கும். குழந்தைகள் படக்கதை படிக்க ஆசைப்பட்டால் சரி. நாவலுக்கு அது வேண்டாத செலவு.

அந்த 300 என்ற எண்ணை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய கிண்டில்களிலும் மலிவான சில கருவிகளிலும் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். பத்துப் புள்ளி அளவு எழுத்துக்கு, தலைமுதல் கால்வரை அந்தத் திரையில் கிடைப்பவை சுமார் 23 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழில் அந்த 23 புள்ளிகளுக்குள் மேலே 'கீ'யின் சுழி, நடுவே 'ண'வின் மூன்று வளைவு, கீழே 'ளு'வின் வால் எல்லாம் அடங்க வேண்டும். சுழிகள் அடைத்துக்கொள்ளும், 'ன'வா 'ண'வா என்று கண் ஒரு கணம் தயங்கும். 300 புள்ளித் திரையில் அதே உயரத்துக்கு 42 புள்ளிகள் கிடைக்கின்றன. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி புள்ளியாகவே தெரியும்.

ஆனால் தமிழ் சரியாகத் தெரியத் திரை மட்டும் போதாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு கோப்பில் முதலில் 'க' இருக்கும், அதற்குப் பின் ஒகரக் குறி இருக்கும். ஒலிக்கும் வரிசையே சேமிக்கும் வரிசை. கண்ணுக்கோ கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் பின்னால். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கென்று ஒரு மென்பொருள் அடுக்கு கருவிக்குள் இருந்தாக வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள்தான் இன்று ஆண்ட்ராய்டு போன்களிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதைச் செய்கிறது. பழைய இ-ரீடர்கள் பலவற்றில் இந்த அடுக்கு இல்லை, அல்லது தமிழ் விதிகள் அதற்குத் தெரியாது. கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; தமிழ் எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுவதும் வெறும் கட்டங்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. கிண்டில் கடை தமிழ்ப் புத்தகங்களை முறையாக விற்கத் தொடங்கியது 2016இன் கடைசியில்தான். இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளமும் அப்போதுதான் சேர்ந்தே வந்தன.

இடைப்பட்ட காலத்தை வாசகர்கள் சும்மா கழிக்கவில்லை. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம், படைப்பாக்கப் பொதும உரிமத்தில் எழுத்தாளர்கள் கொடுத்த நூல்களை ஒவ்வொன்றும் நான்கு வடிவங்களில் வெளியிட்டது: ஈபப், மோபி, ஏ4 அளவுப் பிடிஎஃப், கூடவே '6 இன்ச்' பிடிஎஃப். அந்த நான்காவது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துருவைப் புதைத்து, எழுத்துகளை எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அங்கே முன்கூட்டியே வைத்துவிடலாம். கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தை இ-ரீடர் திரையின் அளவுக்கே வெட்டிவிட்டால் எழுத்தும் சிறுத்துப்போகாது. எழுத்தளவை மாற்ற முடியாது என்ற ஒரே குறையோடு, தமிழே தெரியாத கிண்டிலில் தமிழ் நாவல் ஓடியது.

பிடிஎஃப்பின் பலமும் நோயும் அதுதான். 1993இல் அடோபி வெளியிட்ட அந்த வடிவத்தின் நோக்கமே, ஓரிடத்தில் செய்த பக்கம் உலகின் எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் அணுவும் பிசகாமல் வர வேண்டும் என்பது. எந்த எழுத்து தாளின் எந்த இடத்தில் என்பது அதற்குத் தெரியும். பத்தி, அத்தியாயம், ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறிக் குழம்பி வருகின்றன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் இன்னும் மோசம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேடினால் கிடைக்காது, அகராதி வேலை செய்யாது, உரக்கப் படிக்கச் சொன்னால் கருவி உளறும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே இல்லை, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. நம் பழைய நூல்களில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் திட்டத்திலும் குவிந்துகிடப்பவை பக்கப் படங்கள். இவற்றை ஆறு அங்குலக் கருவியில் படிக்க நினைப்பவர் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆறு அங்குலம் என்பது குறுக்குவாட்டு அளவு. திரையின் அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12. டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலம். பக்கத்தின் முழு அகலத்தையும் திரைக்குள் நுழைத்தால் 11 புள்ளி எழுத்து 7 புள்ளியாகச் சுருங்கும். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் நாவலைப் படிக்க முடியுமா? ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் நிலைமை நன்றாகவே தேறும். கோரீடர் என்ற கட்டற்ற செயலி இதைத் தானாகவே செய்கிறது. பக்கப் படத்திலிருந்து சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டி, பெரிதாக்கி, புதிய வரிகளாக அடுக்கிக் காட்டவும் அதற்குத் தெரியும். கோபோ, பாக்கெட்புக் இ-ரீடர்களிலும் ஆண்ட்ராய்டு கருவிகளிலும் அதை எளிதாக நிறுவலாம். கிண்டிலில் மட்டும் உள்பூட்டை உடைத்தாக வேண்டும்.

இன்னொரு வழி, படத்தை எழுத்தாக மாற்றுவது. எழுத்துணரி மென்பொருள்கள் தெளிவான தமிழ் அச்சை இப்போது நன்றாகவே படிக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்களை இப்படி எழுத்தாக்கி, மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்திவருகிறார்கள். திருத்தி முடித்த நூலை அங்கேயே ஈபப்பாக இறக்கிக்கொள்ளலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்த வசதியெல்லாம் இல்லாத நாளிலேயே நூல்களைக் கையால் தட்டச்சு செய்தது. அதன் ஆரம்பக் கோப்புகள் அன்றைய எழுத்துருக்களில் இருந்தன, பிறகு டிஸ்கி குறியேற்றத்துக்கு மாறின, பிறகு யூனிகோடுக்கு. இரண்டு முறை வீடு மாற்றியும் நூல்கள் பிழைத்தன என்றால், அவை எழுத்தாக இருந்ததால்தான்.

எழுத்தாக உள்ள நூலுக்கு இன்று பொது வடிவம் ஈபப். 2007இல் நிலைபெற்று, 2011இல் மூன்றாம் பதிப்பாக வளர்ந்து, இப்போது வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அமேசான் வேறு பாதையில் போனது. பாம் கையடக்கக் கருவிகளின் காலத்தில் மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனம் உருவாக்கிய மோபி வடிவத்தை, அந்த நிறுவனத்தோடு சேர்த்து 2005இல் வாங்கியது. இரண்டு ஆண்டு கழித்துக் கிண்டில் வந்தபோது அதன் கோப்பு மோபியின் வேஷம் மாற்றிய உருவமே. பிறகு 2011இல் ஏஇசட்டபிள்யூ3, 2015இல் கேஎஃப்எக்ஸ் என்று வடிவங்கள் மாறின. 2022இல் அமேசானின் 'செண்ட் டு கிண்டில்' சேவை ஈபப்பை ஏற்கத் தொடங்கியது, மோபியைப் படிப்படியாகக் கைவிட்டது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கிண்டிலுக்கு ஈபப் படிக்கத் தெரிந்துவிடவில்லை. நீங்கள் அனுப்பும் ஈபப்பை அமேசான் தன் கணினியில் தன் வடிவத்துக்கு மாற்றித்தான் கருவிக்கு அனுப்புகிறது. யுஎஸ்பி கம்பி வழியாக ஈபப்பை உள்ளே போட்டால் கிண்டில் அதைக் கண்டுகொள்ளாது.

வடிவத்தைவிடப் பெரிய தடை டிஆர்எம் என்கிற பூட்டு. ஈபப், ஏஇசட்டபிள்யூ3 இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே வலைப்பக்க மொழி. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது நொடி வேலை. பூட்டு போட்டிருந்தால் அந்த வேலை நடக்காது. பூட்டிய கிண்டில் புத்தகம் கோபோவில் திறக்காது, அடோபி பூட்டு போட்ட ஈபப் கிண்டிலில் திறக்காது. பூட்டின் சாவி விற்றவர் கையிலேயே இருக்கும். 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்ற பிரதிகள் என்பதால் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. கண்காணிப்பு அரசைப் பற்றிய நாவலுக்கே இது நேர்ந்ததில் உள்ள நகைச்சுவை யாருக்கும் தப்பவில்லை. பணம் திரும்பியது, ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் அனைத்தும் மறைந்தன. அங்கும் பணம் கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. பூட்டை உடைக்கக் கருவிகள் கிடைக்கின்றன; ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிச் செய்வது நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவுப்படி குற்றம். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பாளரிடம் வாங்குவதே நிம்மதி.

மற்றக் கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து ஆள்வதற்குக் காலிபர் இருக்கிறது. 2006இல் சோனியின் இ-ரீடர் ஒன்றை வாங்கிய கோவிட் கோயல் என்ற ஆய்வு மாணவர், அது லினக்ஸ் கணினியோடு பேச மறுத்ததால் தானே எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. விலை கிடையாது. புத்தகங்களை ஈபப்பாகக் கணினியில் வைத்துக்கொண்டு, கருவியைக் கம்பியில் இணைக்கும்போது அந்தக் கருவிக்கு வேண்டிய வடிவத்தில் அனுப்பலாம். கிண்டில் உடைந்து கோபோ வந்தாலும் நூலகம் அசையாது. பிடிஎஃப்பை ஈபப்பாக மாற்ற மட்டும் அதை நம்ப வேண்டாம். மாற்றுவதற்கு மிக மோசமான மூலம் பிடிஎஃப்தான் என்று காலிபரின் கையேடே சொல்கிறது.

தமிழ் நூல்களுக்கு அதில் சில இடங்களைச் சரிசெய்ய வேண்டும். ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதை முன்னால் வைத்து வரிசைப்படுத்துவது காலிபரின் வழக்கம். 'தி. ஜானகிராமன்' என்பது 'ஜானகிராமன், தி.' ஆகிச் சரியாகவே அமையும். 'சுந்தர ராமசாமி'யைத் தேடினால் ராமசாமிகளுக்கு நடுவில் இருப்பார். அமைப்புகளில் பெயரை உள்ளபடியே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று குறிப்பதும் வீண்வேலை அல்ல. எழுத்துரு, அகராதி, உரக்கப் படிக்கும் குரல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கக் கருவிகள் அதைப் பார்க்கின்றன. வரிகளை இருபக்கமும் நிரவும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு' போன்ற சொற்கள் குறுகிய திரையில் முழுதாக அடுத்த வரிக்குத் தாவும்போது, மேல்வரியில் மூன்று சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒட்டவைத்தால் கண் உறுத்தாது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைக் கிண்டிலிலும் கோபோவிலும் எழுத்துருக்களுக்கான கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம்.

சமகாலத் தமிழ் எழுத்தைக் கடையில் வாங்கிப் படிப்பவர் கிண்டிலைத் தாண்டி யோசிக்க அதிகக் காரணமில்லை. பூட்டைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான். விக்கிமூலம், மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று பூட்டில்லாத நூல்களில் உலவுபவருக்கு, கம்பி வழியாகவே ஈபப்பை ஏற்கும் கோபோவோ பாக்கெட்புக்கோ சுகமாக இருக்கும். இரண்டு உலகங்களும் வேண்டுமென்றால் பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு இ-ரீடரில் கிண்டில் செயலியையும் கோரீடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்; பேட்டரி சீக்கிரம் தீரும், விலையும் கூடுதல். ஆனால் படிப்பதில் முக்கால்வாசி மின்னூலகத்து ஸ்கேன்கள், அதுவும் இரண்டு பத்தியாக அச்சான பழைய இதழ்கள் என்றால், பத்து அங்குலத்துக்குக் குறைந்த இ-ரீடர் எதையும் வாங்க வேண்டாம். அந்த அளவு இ-இங்க் திரைக்குக் கொடுக்கும் பணம் அதிகம் என்று தோன்றினால், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் டேப்லெட்டில் வெளிச்சத்தைக் குறைத்துப் படியுங்கள்.